பால் வெச்சியா?

சிட்டுவுக்குப் பால் என்றாலே ஆகாது. வாடை பட்டால் போதும், மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். அதனால்தான் அந்த வார்த்தையைத் தேர்ந்தெடுத்தார்கள். அறைக்குள் வந்தவன் கை நீட்டினாலோ மிரட்டினாலோ, "அக்கா, பால் வெச்சியா?" என்று அவள் குரல் கொடுக்க வேண்டும். சமையலறையில் இருக்கும் நெட்டை, "வெச்சாச்சு, பொங்குது!" என்று கத்திக்கொண்டே வந்து கரண்டியால் கதவைத் தட்டுவாள். வீட்டில் இன்னொரு ஆள் இருப்பது தெரிந்தால் எப்பேர்ப்பட்ட சூரனும் வாலைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

முதல் தடவை சிட்டு அப்படிக் கேட்டபோது நெட்டை மறந்துபோய், "நீதான் குடிக்கவே மாட்டியே, உனக்கெதுக்குடி பாலு?" என்று பதில் சொல்லித் தொலைத்தாள். உள்ளேயிருந்து, "ஐயோ அக்கா, பாலு! பாலு!" என்று அலறல் வந்த பிறகுதான் உறைத்தது. வந்தவனைத் துரத்திவிட்டு இருவரும் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். "உன்னை நம்பி உசுரை வெச்சிருக்கேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று சிட்டு அதையே சொல்லிக் காட்டிக் காட்டி நெட்டையின் மானத்தை வாங்குவாள்.

கூடப் பிறந்தவர்கள் இல்லை. ஆனால் கூடப் பிறந்தவர்கள் எவரும் இவர்களை வாசற்படி ஏற்றாததால், இவளுக்கு அவள் அக்கா, அவளுக்கு இவள் தங்கச்சி என்று ஆகிப்போனது. இருவருக்கும் முப்பது தாண்டிவிட்டது. இருவருக்கும் ஒரே தொழில். சுற்றி வளைப்பானேன், உடம்பை விற்கும் தொழில்தான். மூன்றாவது மாடியில் வீடு, வாடகை நெட்டையின் பேரில்.

இரண்டாவது மாடியில் ஒரு கம்பெனி. பெரியவர்கள் மட்டும் பார்க்கும் படங்களை எடுப்பவர்கள்; இந்த ஊர்ச் சட்டத்தில் அதற்குத் தடை இல்லை. வாசலில் பளபளவென்று போர்டு, உரிமம், வரி, கதவருகே நாற்காலி போட்ட வாட்ச்மேன் எல்லாம் உண்டு. அங்கே வேலை செய்யும் பெண்கள் படியேறும்போது சிட்டுவைப் பார்த்துச் சிரிப்பார்கள். இவளும் சிரிப்பாள். யாரும் யாரையும் குறைவாக நினைக்கவில்லை, சட்டம் மட்டும்தான் நினைத்தது.

ஒரு நாள் காலையில் பெண் இன்ஸ்பெக்டர் வந்தாள். கெட்டவளாக இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம். அவள் நல்லவள், அதுதான் வயிற்றெரிச்சல்.

"இங்க பாருங்க, ஒருத்தி தனியா இருந்து செஞ்சா குத்தமில்ல. ஒரே வீட்ல ரெண்டு பேர் செஞ்சா அது விபச்சார விடுதி. வாடகை யார் பேர்ல இருக்கோ, அவங்கதான் விடுதி நடத்துறவங்க. கம்ப்ளெய்ன்ட் வந்திருக்கு. இந்தத் தடவை சொல்லிட்டுப் போறேன், அடுத்த தடவை உள்ள வெச்சுடுவாங்க."

"ஒருத்திக்கொருத்தி துணைக்கு இருக்கோம்மா" என்றாள் நெட்டை.

"புரியுது. சட்டத்துல துணைன்னு ஒண்ணு இல்லையே, நான் என்ன செய்ய?"

"கீழ அத்தனை பேர் இருக்காங்களே மேடம்?" என்று சிட்டு விடவில்லை.

"அங்க கேமரா இருக்கு. அதனால அது படம். பொண்ணைத் தனியா விடக் கூடாது, கூட ஆள் இருக்கணும்னு அவங்களுக்கு விதியே உண்டு. மீறினா லைசென்ஸ் போயிடும்."

"அப்போ நாங்களும் ஒரு கேமரா வாங்கி வெச்சுக்கறோம்!"

இன்ஸ்பெக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து என்ன பிரயோசனம்? கீழ்மாடியில் பெண்ணைத் தனியாக விட்டால் தண்டனை, மேல்மாடியில் தனியாக விடாவிட்டால் தண்டனை. இந்தக் கூத்தை எழுதியவர்கள் நடுவில் இருக்கிற படிக்கட்டை ஒரு தடவை ஏறிப் பார்த்திருக்கக் கூடாதா?

சிட்டு கீழே இறங்கி வேலை கேட்டும் பார்த்தாள். எப்போதோ தெருவில் நின்றதற்காக அபராதம் கட்டியவள் அவள். அப்படிப்பட்டவர்களைச் சேர்க்கக் கூடாதாம், அதற்கும் ஒரு விதி.

நெட்டைக்கு ஜெயில் என்றாலே கை கால் உதறும். வாடகையைச் சிட்டு பேருக்கு மாற்றிவிட்டு, இரண்டு தெரு தள்ளி ஒரு அறை பார்த்தாள். பெட்டியை எடுக்கும்போது சிட்டு கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"போவாதக்கா. மாட்டுனா ரெண்டு பேருமா மாட்டிக்கலாம்."

"பைத்தியம் மாதிரி பேசாத. போன் இருக்குல்ல? யாராவது வந்தா எனக்குப் போட்டு, கட் பண்ணாம அப்படியே வெச்சுடு, நான் கேட்டுட்டே இருக்கேன்."

அதுவும் சில நாள்தான் நடந்தது. "போன்ல லைட் எரியறதைப் பார்த்தா, படம் புடிக்கிறியான்னு சண்டைக்கு வர்றாங்கக்கா" என்று சிட்டு அதை அணைத்து வைக்கத் தொடங்கினாள்.

ஒரு மத்தியானம் நெட்டையின் அறைக்குப் போலீஸ் வண்டி வந்தது. சிட்டு போய்விட்டாள். குளியலறையில் பின்மண்டை உடைந்து கிடந்தாளாம். கூட இருந்தவனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறான். "நல்லாப் பேசிட்டுதான் இருந்தா, வழுக்கி விழுந்துட்டா" என்கிறான்.

நெட்டை ஸ்டேஷனுக்குப் போனபோது கீழ்மாடி வாட்ச்மேன் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்துவிட்டான்.

"எனக்குச் சத்தம் கேட்டுச்சும்மா. பால் வெச்சியா, பால் வெச்சியான்னு கேட்டுட்டே இருந்துச்சு. சொந்தக்காரங்க யாரோ வந்திருக்காங்க, பாவம், தனியா இல்லன்னு நெனச்சு நான் பாட்டுக்கு உக்காந்திருந்தேன்."

நெட்டை சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் நாற்காலியில் விழுந்தாள்.

அதே இன்ஸ்பெக்டர்தான். "வீட்ல பாலே இல்ல. அடுப்புல பாத்திரமும் இல்ல. வேற ஆளும் இல்ல. யாரைக் கேட்டா? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்றவள், நெட்டையின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "யோசிச்சுச் சொல்லுங்க. சொன்னா நான் எழுதியாகணும்."

"எழுதினா என்னாகும்?"

"ரெண்டு பேரும் சேர்ந்து தொழில் பண்ணீங்கன்னு நீங்களே ஒத்துக்கிட்டதாகும். அப்போ வாடகை உங்க பேர்லதானே இருந்துச்சு. கேஸ் உங்க மேலயும் வரும்."

"எழுதலேன்னா?"

"வழுக்கி விழுந்துட்டா. அவன் வீட்டுக்குப் போயிடுவான்."

இப்போது கையும் உதறவில்லை, காலும் உதறவில்லை. எந்த ஜெயிலுக்குப் பயந்து சிட்டுவை விட்டு வந்தாளோ, அதைவிடப் பெரிய ஜெயிலை அவள் பார்த்துவிட்டாள்.

"எழுதுங்கம்மா. அவளுக்குப் பாலே புடிக்காது. பால் வெச்சியான்னா, என்னைக் காப்பாத்துன்னு அர்த்தம். நாங்க ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டது. என்னைத்தான் கூப்பிட்டிருக்கா. நான் அங்க இல்லன்னு தெரிஞ்சே கூப்பிட்டிருக்கா."

இன்ஸ்பெக்டர் எழுதினாள். முடித்ததும், கையெழுத்து வாங்குமுன் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது முறை. வாசித்தாள். ஆபத்து என்றால் இறந்தவர் சொல்ல வேண்டிய வார்த்தை, "அக்கா, பால் வெச்சியா?"

"வெச்சாச்சு, பொங்குது!" என்று நெட்டையின் வாய் தானாகச் சொன்னது. சொன்ன வேகத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டாள். தட்டுவதற்குக் கதவு எதுவும் இல்லாமல், தூக்கிய கையால் தன் தலையிலேயே அடித்துக்கொண்டு அழுதாள்.