சட்டைத் தட்டின் உயரம்

1

இந்தக் கதை நான் பாதி கேட்டது. என் வீட்டில் புத்தக அலமாரிக்கு அளவெடுக்க வந்த ஒரு பெண்மணி சொல்ல ஆரம்பித்து, நடுவில் நிறுத்திவிட்டார். மீதி தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன். கதை எழுத இதைவிட உயர்ந்த காரணங்கள் உண்டு என்று கேள்வி. எனக்கு வாய்த்தது இதுதான்.

வீடுகளுக்கு அலமாரி வடிவமைப்பது அவர் தொழில். தட்டுகளை வேண்டியபடி ஏற்றவும் இறக்கவும் முடிகிற அலமாரிகள். உட்பக்கச் சுவரில் வரிசையாகத் துளைகள் இருக்கும். துளையில் சிறிய உலோக முளையைச் செருகி, அதன்மேல் தட்டை உட்கார வைப்பார்கள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் பலகையைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்பதால் பட்டறையில் அவருக்கு ‘அரைமில்லி’ என்று பெயர். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், கோபம் கிடையாது.

அளவு நாடாவைச் சுவரில் பிடித்தபடியே சொன்னார்: “ஒரு வீட்டுல ஒரு அக்கா, புருஷனுக்குத் தெரியாம தட்டை இறக்கிக் கொடுன்னு கேட்டாங்க சார்.”

“எதுக்கு?”

“அவருக்குக் கை எட்டலைங்கறது அவருக்கே தெரியக்கூடாதாம்.”

அந்த நேரம் பார்த்து அவருக்குப் போன் வந்தது. பால்கனிக்குப் போய் யாரிடமோ ஒரு கீலுக்காகச் சண்டை போட்டார். திரும்பி வந்தபோது பேச்சு என் சுவரின் ஈரத்தைப் பற்றி மாறிவிட்டது.*

(* பிறகு போன் செய்து கேட்டேன். “அது அவங்க வீட்டு விஷயம் சார்” என்று வைத்துவிட்டார். நியாயம்தான். ஆனால் நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?)

2

முதல் தொடக்கம்: அந்த அறையில் பழைய அலமாரி ஒரு யானையைப் போல நின்று—

வேண்டாம். அலமாரி அலமாரியைப் போலத்தான் நிற்கும்.

இரண்டாம் தொடக்கம்: ஓராண்டாகவே அவருடைய வலது தோள் இறுகிக்கொண்டே வந்து—

இப்படி ஆரம்பித்தால் நீங்கள் இப்போதே உச்சுக்கொட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

மூன்றாவது நிற்கும் என்று நினைக்கிறேன்: கட்டில்மேல் வீடே கிடந்தது.

அரைமில்லியின் வழக்கம் அது. பழைய அலமாரியில் இருப்பதையெல்லாம் முதலில் வெளியே எடுக்கச் சொல்வாள். (நேரில் ‘அவர்’, கதைக்குள் வந்ததும் ‘அவள்’. கதை எழுதுகிறவர்களுக்கு மரியாதை கொஞ்சம் குறைச்சல், பொறுத்துக்கொள்ளுங்கள்.) போர்வைகள், ஜோடியை இழந்த காலுறைகள், கடைப்பையை விட்டே வெளிவராத புதுத் துண்டு, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள். எல்லார் வீட்டிலும் இதே குப்பைதான். ஆனாலும் அவளுக்கு ஒவ்வொரு தடவையும் பார்க்க ஆசையாக இருக்கும்.

அன்று அந்தக் குவியலில் ஒரே ஒரு அடுக்கு மட்டும் ஒழுங்காக இருந்தது. வீட்டுக்காரரின் சட்டைகள். ஒவ்வொன்றும் ஒரே அளவுக்கு மடிக்கப்பட்டு, காலர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக நேர்கோட்டில்.

“அவர் பக்கத்தை நான் தொடவே மாட்டேன்மா. தேய்க்கறது, மடிக்கறது, அடுக்கறது எல்லாம் அவரேதான்” என்றாள் வீட்டுக்கார அக்கா.

3

இங்கே ஒரு சந்தேகம். அவர் யார்?

முதலில் அவரைக் கைப்பந்துப் பயிற்சியாளர் ஆக்கினேன். உயரமான மனிதர், கை வீச்சுக்குப் பேர்போனவர், இப்போது சட்டையை எட்ட முடியவில்லை. நான்கு பக்கம் தண்ணீர் மாதிரி ஓடியது. அப்படி ஓடினாலே எனக்குப் பயம். அந்த மனிதர் தோளாகவே இருந்தார், மற்றபடி ஆள் இல்லை. கிழித்தேன்.

சட்டைகளைத் திரும்பப் பார்த்தபோதுதான் புரிந்தது. அப்படி மடிக்கிறவர் தையற்காரராகத்தான் இருக்க வேண்டும். அதிலும் துணியை அளந்து வெட்டிக் கொடுக்கும் கட்டிங் மாஸ்டர். சொந்தக் கடை, கண்ணாலேயே அளவு சொல்லிவிடுகிறவர். இப்படி ஆக்கியதும் கதை எனக்கு எதிராகத் திரும்பிக்கொண்டது. இவரை ஏமாற்றியா தட்டை இறக்குவது? ஆனால் அந்த அக்காவுக்கு வேறு வழி இல்லை, எனக்கும் இல்லை.

4

அரைமில்லிக்கு இன்னொரு வழக்கம் உண்டு. நாடாவை நம்பமாட்டாள். சுவர் எதிரே நிறுத்திவைத்து, “கண்ணை மூடிக்குங்க மாஸ்டர். காலையில சட்டை எடுக்கறதா நெனச்சுக் கையை நீட்டுங்க” என்பாள். கை போய் நிற்கிற இடத்தில் பென்சிலால் கோடு. மனிதர்களைக் கேட்டால் பொய் சொல்வார்கள், கை சொல்லாது என்பது அவள் கட்சி.

மாஸ்டர் கையை நீட்டினார். கை மேலே போயிற்று. இன்னும் மேலே. அவள் எக்கி நின்று கோடு போட்டாள். பென்சில் முனையைப் பார்த்தாளே தவிர, கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்திருந்த அவருடைய இடது கையைப் பார்க்கவில்லை. அதை அக்கா பார்த்தாள்.

வழியனுப்ப வாசல் தாண்டித் தெரு வரைக்கும் வந்தாள் அக்கா.

“அவர் கண்ணையே மூடலம்மா. ஓரமாத் தொறந்து வெச்சிருந்தார்.”

“அப்படியாக்கா?”

“பழைய அலமாரியில சட்டை இருந்த உயரத்தைத்தான் காட்டினார். அது எட்டாமத்தான் போன மாசம் ஒரு நாள் பனியனோட கட்டில்ல உக்காந்துட்டார். கடைக்கே போகல.”

“நீங்க எடுத்துக் கொடுத்திருக்கலாமேக்கா?”

“கொடுத்தேனே. வாங்கி மடியில வெச்சுக்கிட்டார், போட்டுக்கல. சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருந்தார்.” தெருவில் போகிற ஆட்டோவைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “ஒரு நாள் உக்காந்தவர் தினமும் உக்காந்துட்டா நான் என்ன பண்ணுவேன்? அந்தக் கடையிலதான் அவர் உசுரே இருக்கு.”

பிறகு கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். தட்டை அவர் காட்டிய உயரத்திலேயே மாட்ட வேண்டும். அதற்கப்புறம் கீல் பார்க்கிறேன், கதவு பார்க்கிறேன் என்று அவ்வப்போது வந்து, ஒரு துளை ஒரு துளையாக இறக்கிவிட வேண்டும். அவருக்குத் தெரியவே கூடாது.

அரைமில்லிக்கு முகம் சுண்டிப்போயிற்று. கையை அளந்ததாக நினைத்திருந்தாள். அளந்தது வீம்பை.

5

(இந்தப் பகுதி கொஞ்சம் தொழில் விஷயம். சலிப்பாக இருந்தால் தாவிவிடுங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.)

வளர்கிற பிள்ளைகளுக்காகத் தட்டை மேலே ஏற்றும்படி அலமாரி செய்வது சுலபம். எல்லாரும் கேட்பார்கள், எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். யாருக்கும் தெரியாமல் கீழே இறங்கும் அலமாரியை இதுவரை யாரும் கேட்டதில்லை. துளைக்கும் துளைக்கும் வழக்கமாக விடுகிற இடைவெளி ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு மேல். ஒரு தையல் பிசகினால் கண்டுபிடிக்கிற மனிதரிடம் அது எடுபடாது. அவள் துளைகளை நெருக்கினாள். நெருக்கினால் பலகை சல்லடையாகிவிடும் என்று பட்டறைத் தச்சர் கத்தினார். பலகையை விட்டுவிட்டு, பல்வரிசை வெட்டிய இரும்புப் பட்டைக்குப் போனாள். முளை இனித் துளைக்குப் பதில் பல்லில் உட்காரும்.

ஒரு தட்டு மட்டும் இறங்கினால் இடைவெளி காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே எல்லாத் தட்டுகளும் சேர்ந்தே இறங்க வேண்டும். இறங்க அடியில் இடம்? காலணி வைக்கும் இடம் என்று பெயர் சொல்லி, அடியில் ஒரு வெற்றிடம் விட்டாள். மேலே திறந்துகொள்ளும் வெறுமையை மறைக்க ஒரு தொங்கு பலகை. அதுவும் கூடவே இறங்கும். செய்வது உபகாரமா, சூதா என்று யோசிக்க அவளுக்கு நேரமே இல்லை. கணக்கு அவ்வளவு சுவாரசியமாக இருந்தது.

எல்லாவற்றையும் நினைத்தவள் கதவின் கைப்பிடியை மறந்துவிட்டாள். உள்ளே உலகமே கீழே இறங்கினாலும் கைப்பிடி இருந்த இடத்தில்தான் இருக்கும்.

6

முதல் தடவை இறக்கியபோது எல்லாம் நல்லபடியாக முடிந்தது. இரண்டாவது தடவை அவள் போனபோது அக்கா அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரங்களைத் தேவைக்கு மேல் உருட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் வெளியே கேட்காதிருக்கவாம். மாஸ்டரோ கடையில்! இருந்தாலும் சூழ்ச்சி என்றால் இதெல்லாம் வேண்டும் என்று அவளுக்கு எண்ணம்.

அரைமில்லி கதவைத் திறந்தாள். சட்டைத் தட்டில் போர்வைகள் இருந்தன. சட்டைகள் அதற்கும் மேல்தட்டில், காலர் பிசகாமல் உட்கார்ந்திருந்தன. பழைய உயரத்தைவிடக்கூடக் கொஞ்சம் மேலே.

“கைப்பிடியை மறந்துட்டியேம்மா.”

அறை வாசலில் மாஸ்டர் நின்றிருந்தார். தோளில் துணிப்பை, வியர்த்த முகம். அடுப்படிக் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

“மொத நாளே தெரியும். கைப்பிடிக்கு நேரா இருந்த தட்டு கீழ வந்திருந்துச்சு.”

“கோவமா மாஸ்டர்?”

“வேலை சுத்தம். அதுல கோவப்பட என்ன இருக்கு?” உள்ளே வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினார். “கடைக்குப் பக்கத்துல தோளுக்குப் பயிற்சி கொடுக்கற பொண்ணு ஒண்ணு இருக்கு. போயிட்டிருக்கேன். வலி ஆரம்பிக்கற வரைக்கும் தெனமும் தூக்கணுமாம். தூக்காம விட்டா இருக்கறதும் போயிடுமாம். தாண்டிப் போனாலும் கெட்டுடுமாம்.”

“இதை அக்காகிட்ட சொல்லக்கூடாதா?”

“சொன்னா காலையில எம் பின்னாடி வந்து நிப்பா. அவ நின்னு பாத்தா எனக்குக் கை ஏறாது.”

அரைமில்லி மேல்தட்டைப் பார்த்தாள். “எட்டாத அன்னிக்கு?”

மாஸ்டர் துணிப்பையை இறக்கிக் கட்டில்மேல் வைத்தார்.

“சலவைக்குப் போட்ட சட்டையவே எடுத்து மாட்டிக்கிட்டுப் போனேன். ரெண்டு தடவை. கடையில யாரும் கவனிக்கல.” சொல்லும்போது சிரித்தார், ஆனால் காதெல்லாம் சிவந்துவிட்டது. “நீ அவளுக்காக இறக்கின இல்ல, எனக்காக ஏத்து. ஒவ்வொரு பல்லா. அவளுக்குத் தெரியக்கூடாது.”

7

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும், நான் ஏன் பல நாட்களாக இந்த இடத்திலேயே நிற்கிறேன் என்று. முடிவு இல்லாமல் இல்லை. முடிவுகள் நிறைய இருப்பதுதான் தலைவலி.

அவள் தட்டை இறக்குகிறாள். மாஸ்டர் தினமும் சிரமமில்லாமல் சட்டை எடுக்கிறார், கடைக்குப் போகிறார். தோள் மெல்ல, யாருக்கும் தெரியாமல், அந்த உயரத்தோடு நின்றுபோகிறது. அப்புறம் இன்னும் கீழே. அலமாரிக்கு அடியில் வெற்றிடம் எவ்வளவு நாளைக்குத்தான் இருக்கும்?

அவள் தட்டை ஏற்றுகிறாள். தோள் திறக்கலாம். அல்லது வீம்புக்காரர் வலியைத் தாண்டி ஒருநாள் காலையில் கையை வெடுக்கென்று இழுக்க, தோளில் ஏதோ அறுந்துவிடும். எழுதிப் பார்த்தேன், அந்தச் சத்தத்தை எழுதும்போது எனக்கே தோள் கூசியது.

அவள் இரண்டு பேரையும் கட்டிலில் உட்காரவைத்து எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிடுகிறாள். இதை முழுசாகவே எழுதினேன். அக்கா அழுதாள், மாஸ்டர் அழுதார், நானும் கொஞ்சம். மறுநாள் அந்தப் பக்கங்களை எடுத்து, கதையில் அடுத்த நாள் காலையை எழுதலாம் என்று போனேன். மாஸ்டர் அலமாரியைத் திறந்தார். அக்கா பின்னால் வந்து நின்றாள், அன்பாகத்தான். கை ஏறவில்லை. அந்தப் பக்கங்களையும் கிழித்துவிட்டேன்.

தட்டைத் தொடாமலே இரண்டு பேரிடமும் ‘ஆச்சு’ என்று சொல்லிவிட்டுப் போகிறாள். இதை எழுதியபோது என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஆனால் மாஸ்டர் கண்ணுக்கு அந்த ஏமாற்று அன்றைக்கே அம்பலமாகிவிடும். தவிர, அரைமில்லி அப்படிப்பட்டவள் அல்ல. அவள் எதையாவது ஒன்றைச் செய்தே தீர்வாள்.

எனக்கு இரண்டு பேரையும் பிடித்துவிட்டது. உண்மையில் இதுதான் என் கஷ்டம். ஒருத்தராவது கொஞ்சம் மோசமாக இருந்திருக்கலாம்.

8

அடுப்படியில் குழாய் நின்றது.

“ஆச்சாம்மா?” என்று அக்காவின் குரல் கேட்டது.

மாஸ்டர் உதட்டில் விரலை வைத்தார். “ஆச்சுன்னு சொல்லு” என்றார், காற்றாக.

அரைமில்லி முளைகளைக் கையில் எடுத்தாள். சட்டை அடுக்கைத் தூக்கிக் கட்டிலில் வைத்தாள். இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு இவ்வளவு பயமாக இருந்ததில்லை. தட்டை ——————— மாட்டினாள். சட்டைகளை அதன்மேல் வைத்தாள்.

“ஆச்சுக்கா.”

நடுவில் இருக்கும் கோடு அச்சுப் பிழை அல்ல. அந்த இடம் உங்களுடையது. பென்சிலால் எழுதுங்கள், அழிக்க வேண்டியிருக்கும்.

மறுநாள் காலையை மட்டும் நான் எழுதிவிடுகிறேன். அக்கா அடுப்படியில் நிற்கிறாள். அலமாரிக் கதவின் சத்தம் கேட்டதும் கையிலிருந்த கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள். அறையில் மாஸ்டர் பனியனோடு நிற்கிறார். யாரும் பின்னால் இல்லை என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்கிறார். இடது கை கதவின் விளிம்பைப் பிடிக்கிறது. வலது கையைத் தூக்குகிறார். இடுப்பைத் தாண்டி, நெஞ்சைத் தாண்டி, மோவாய்க்கு நேராக.

தட்டு எங்கே என்று நீங்கள் சொன்னால்தான் அந்தக் கை போய்ச் சேரும். அதுவரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பார், இறக்கமாட்டார், அவரைத்தான் தெரியுமே. கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். அவருக்கு வலிக்கிறது.