ஒட்டி வைத்த அட்டையின் பின்பக்கம்

ஆல்பம் காலையில்தான் டொலீடோவில் எல்டன் வீட்டுக்குக் கூரியரில் வந்து சேர்ந்தது. அனுப்பியவர் லாய்ட், எல்டனின் அண்ணன். இருபது வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கிளீவ்லாந்து மருத்துவமனையிலிருந்து லாய்டின் மகள் கானி போனில் சொன்னாள்: "சித்தப்பா, அப்பா இன்னிக்குப் பொழுதத் தாண்டமாட்டாராம். பேசுறதுன்னா இப்பவே பேசிடுங்க. ஆல்பத்த அவனே பாத்துக்கட்டும்னு மட்டும்தான் சொன்னார்."

ஒரு மணி நேரம் கொடு என்று கேட்டுக்கொண்டார் எல்டன்.

எதைப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியும். உள்ளூர் பேஸ்பால் அணி ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட 1953ஆம் வருடத்து அட்டைகள் அவரிடம் இருபத்தைந்து. ஊர் ஊராய் அலைந்து இருபத்து நான்கில் ஆட்டக்காரர்களின் கையெழுத்தை வாங்கிவிட்டார். பந்துவீச்சாளர் ரூடி ஸ்டாசக் மட்டும்தான் பாக்கி. அந்த வருடமே கார் விபத்தில் போய்ச் சேர்ந்த மனுஷன். அவர் கையெழுத்தை வாங்கிவிட்டேன் என்று பதினான்கு வயதில் லாய்ட் சொன்னார். காட்டு என்றால் காட்டவில்லை. பத்து வயது எல்டன் பள்ளிக்கூடம் முழுக்க அண்ணனுக்குப் 'புளுகன்' என்று பேர் பரப்பினான். அதோடு விட்டாரா? தலை நரைத்த பிறகும், நன்றி சொல்லும் நாள் விருந்தில் வான்கோழியை வெட்டிக்கொண்டே வருடா வருடம் சீண்டினார். ஒரு வருடம் லாய்ட் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்; அதோடு பேச்சு நின்றது.

ஆல்பத்தில் ரூடியின் அட்டை இருந்தது. முன்பக்கம் கையெழுத்து இல்லை. பின்பக்கத்தை ஆல்பத் தாளோடு பசை போட்டு ஒட்டியிருந்தது. கடவுளே, அங்கே இருந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டார். வெறும் வாயால் மன்னிப்புக் கேட்க அவருக்கு வெட்கமாக இருந்தது. கண்ணால் பார்த்துவிட்டு, நீ சொன்னது நிஜம் என்று சொல்லவேண்டும், அண்ணன் கண் மூடுவதற்குள்.

பழைய பசையை விடுவிக்க அட்டை சேர்க்கிறவர்கள் எல்லாரும் செய்வதைத்தான் செய்தார். தாளோடு கத்தரித்து வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டார். அச்சு மை கரையாது. நூறு அட்டையை இப்படி எடுத்த கை.

தண்ணீர் நீலமாகியது.

அந்தக் காலத்தில் மைப்பேனாவில்தான் கையெழுத்துப் போடுவார்கள் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? பதறிப்போய் எடுத்துத் திருப்பினார். ஓர் எழுத்துகூட மிச்சமில்லை. "பாவி, பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

போன் அடித்தது. கானி அதை அப்பாவின் காதருகே பிடித்திருந்தாள்.

"பாத்தியா?" என்றார் லாய்ட். மூச்சு இழுத்தது.

"பாத்தேண்ணா. நீ சொன்னது நிஜம்தான். என்னை மன்னிச்சிடு."

"என்ன எழுதியிருக்கார்? படி, கேக்குறேன்."

சாகிற மனுஷனிடம் இதை எப்படிச் சொல்வது? எல்டனுக்கு மனம் வரவில்லை.

"'லாய்டுக்கு அன்புடன், ரூடி ஸ்டாசக்'னு எழுதியிருக்கார்ண்ணா."



"பொய் சொல்லாதடா," என்றார் லாய்ட். "உன் பொறந்த நாளுக்குக் குடுக்கலாம்னு உன் பேரைத்தான் எழுதச் சொன்னேன். அதுக்குள்ள நீ ஊரெல்லாம் புளுகன்னுட்ட. அதான் ஒட்டிட்டேன்."

"அண்ணா, தண்ணில போட்டுட்டேண்ணா, அவசரத்துல..."

பதிலுக்குக் கானியின் குரல்தான் வந்தது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டார் என்றாள்.