ஏழு பேர்ச்சஸ் காணியில் பூக்காத மல்லிகை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மண்டையில் முளைத்ததல்ல. என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற ரபீகா டீச்சர், இடைவேளையில் வடை தின்றுகொண்டே சிரித்துச் சிரித்துச் சொன்னது. "எழுதினா என்ட பேரையும் போடுங்க" என்றார். போட்டாயிற்று.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஹந்தானை மலையில் பனி இறங்கிய ஒரு காலையில் பாலம்மா...'

சீ! ஹந்தானை என்றாலே பனியை இறக்கிவிடுவது என் கெட்ட பழக்கம். பாலம்மாவுக்கு அரசாங்கம் காணி கொடுத்த அன்று மண்டை பிளக்கிற வெயில்.

2

பாலம்மா முப்பத்தொரு வருஷம் கொழுந்து பறித்தவள். (எழுத்தில்தான் 'அவள்'. நேரில் 'அக்கா' என்று கூப்பிடாவிட்டால் தேத்தண்ணி கிடைக்காது.) புருஷன் இல்லை. ஒரே மகள் அனுஷியா, கண்டி டவுனில் துணிக்கடையில் வேலை.

தோட்டத்து லயத்தின் ஒற்றை அறையை விட்டு ஏழு பேர்ச்சஸ் துண்டுக் காணிக்கும் புது வீட்டுக்கும் வந்தபோது, பெக்கோ மெஷின் மேல்மண்ணை முழுக்க வழித்துவிட்டுப் போயிருந்தது. மிச்சம் சிவப்புக் களியும் கல்லும். 'காக்காய்கூட அங்கே உட்காரவில்லை' என்று எழுதி வெட்டிவிட்டேன். காக்காய் எங்கேதான் உட்காராது?

அக்கம்பக்கத்தார் முதல் நாளே வாழைக்கன்று வைத்தார்கள். பாலம்மா வைத்தது மானாப் புல். பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுசு நடுவதற்கு முன்னால் தோட்டத்தில் அப்படித்தான் செய்வார்கள். ஒன்றரை வருஷம் புல்லை வளர்த்து, வெட்டி வெட்டி அந்த மண்ணுக்கே போடுவார்கள்.

"மாடு வாங்கப் போறீங்களாக்கா?" என்று ஊரே கேலி பண்ணியது.

"மண்ணு மொதல்ல சாப்புடட்டும். நாம அப்புறமா சாப்புடுவோம்" என்றாள்.

மழைத்தண்ணீர் மண்ணை அரிக்காமல் ஓட, சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டினாள். உரப்பையில் சாணி சுமந்தாள். மூன்றாம் வருஷம் கிண்டின இடமெல்லாம் மண்புழு நெளிந்தது. அதற்கப்புறம் கொய்யா, கறிக்கு வாசம் தருகிற றம்பை, கறிவேப்பிலை, செவ்வரத்தை, வேலியோரம் மல்லிகை. அப்பப்பா, என்ன பச்சை! பஸ்ஸில் போகிறவர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

ஆனால் ஒரு பூ கிடையாது.

3

இங்கேதான் கதைக்கு உயிர் வருகிறது.

அனுஷியாவுக்குப் புசல்லாவைப் பையன் தினேஸோடு ஆவணியில் கல்யாணம் நிச்சயமானது. மகள் தலையில் கடைப்பூ ஏறக்கூடாது, சொந்த மண்ணில் பூத்த மல்லிகைதான் ஏறணும் என்று பாலம்மா பிடிவாதமாக நின்றாள். காரணம் இருக்கிறது. அவளுடைய கல்யாணத்தன்று மழையில் ரோடு சரிந்து டவுனிலிருந்து பூ வரவில்லை. பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்கிற கமலம், யாரும் கொழுந்து பறிக்காமல் கைவிட்ட மலையில் ஏறி, காட்டுத்தனமாய் வளர்ந்த தேயிலையிலிருந்து வெள்ளைப் பூவைப் பறித்துக் கட்டி இவள் தலையில் வைத்துவிட்டாள்.

"தாலி கட்டுறப்ப தலையச் சுத்தி தேனீ! கமலம் முந்தானையால வெரட்டுறா, ஐயர் ஓடுறாரு!" சொல்லும்போதெல்லாம் கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரிப்பாள். அந்தக் கமலம் இப்போது இல்லை.

மல்லிகைக்குச் சாம்பல் போட்டாள், மீன் கழுவின தண்ணீர் ஊற்றினாள், பூச்சி மருந்தும் அடித்தாள். ஒன்றும் சரிவரவில்லை. ஒரு சனிக்கிழமை றம்பை வாங்கப் போன ரபீகா, அவளோடு பேசிக்கொண்டே தோட்டத்தைச் சுற்றினார். சட்டென்று நின்றார்.

"அல்லாஹ்வே! அக்கா, பூச்சியுமில்ல நோயுமில்ல. நீங்கதான் கிள்ளிட்டு ஈக்கிறீங்க!"

பாலம்மா குனிந்து பார்த்தாள். உள்ளங்கையில் மல்லிகைக் குருத்து, செவ்வரத்தைக் குருத்து, கொய்யாக் குருத்து. எல்லாம் தேயிலைக் கொழுந்து பறிக்கிற கணக்கில் ரெண்டு இலையும் ஒரு நுனியும். நடக்கும்போதெல்லாம் அவள் விரல்கள் -

(அவளுக்குத் தெரியாமலே பறித்துக்கொண்டிருந்தன. செடிகளெல்லாம் ஒரே மட்டத்தில், இடுப்பளவில் நின்றதை நானும் பத்துத் தரம் பார்த்திருக்கிறேன். எனக்கு உறைக்கவேயில்லை.)

4

இந்த இடத்தில் பாலம்மாவை 'விம்மி அழுதாள்' என்று எழுதி, அவளிடமே வாசித்துக் காட்டினேன்.

"நான் எங்க சார் அழுதேன்? ரபீகா டீச்சரும் நானும் வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சோம்ல? பொய்யி எழுதாதீங்க."

வெட்டினேன். அந்தச் சனிக்கிழமையே அவள் பழஞ்சேலையைக் கிழித்து இரண்டு கையிலும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சுற்றிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். சமையல், குளிப்பு எல்லாம் கட்டோடுதான்.

"செடிக்கு நல்லதுதான்" என்றாள், கட்டை இறுக்கிக்கொண்டே. "எனக்குத்தான் வெறிச்சுன்னு இருக்கு. கிள்ளிக்கிட்டே நடக்குறப்ப கமலம் பக்கத்து நிரையில வர்ற மாதிரியே இருக்கும் சார். இப்ப அவ வர்றதில்ல."

நானும் வாக்கியங்களைக் கிள்ளுகிறவன்தான் என்று இதற்குக் கீழே ஒரு பந்தி எழுதியிருந்தேன். என்னத்துக்கு? கதை அவளுடையது.

5

முடிவுகள் வரிசையில் நிற்கின்றன. ஒன்று: மல்லிகை பூக்கவேயில்லை, கடைப்பூ வந்தது. (கல்நெஞ்சன் எழுதுவது.) இரண்டு: பூத்துக் குலுங்கியது, சுபம். (கல்யாண வீடியோ.)

நடந்ததில் பாதியைச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் நானும் ரபீகாவும் போனோம். செடியில் நூற்றுச் சொச்சம் மொட்டு, வெள்ளையாய், பருத்து. ரபீகா பறிக்கப் போனார். அனுஷியா தடுத்தாள்.

"அம்மா பறிச்சாத்தான் நான் வைப்பேன்."

"வேணாம்டி. இந்தக் கையி பிஞ்சையும் எலையையும் சேத்து அள்ளிரும்."

அனுஷியா கேட்கவில்லை. கையைப் பிடித்துத் துணியை அவிழ்த்தாள். அவிழ்த்தவள் அப்படியே நின்றாள்.

"அம்மா... கறை போயிருச்சு."

இரண்டு மாதம் துணிக்குள் கிடந்த விரல்கள். எத்தனை சவர்க்காரம் போட்டும் போகாத கொழுந்துக் கறுப்பு வெளிறி, வெடிப்பெல்லாம் மூடி, யாரோ வேறொரு பொம்பிளையின் விரல்கள் மாதிரி. பாலம்மா அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்குப் பறிக்கத் தெரியுமான்னு தெரியலையேடி" என்றாள்.

ரபீகா என்னைப் பார்த்தார், நான் செடியைப் பார்த்தேன். இருட்ட இன்னும் அரை மணித்தியாலம் இருக்கிறது. அவள் செடிக்கு முன்னால் நிற்கிறாள். நீங்களாவது அவளிடம் ஏதாவது சொல்லுங்கள்.