மருமகன் இரண்டு வாரத்தில் உதிர்ந்துவிடுவார்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. ஒட்டுக்கேட்டு எழுதுகிறேன். காதடைப்பை எடுக்க மருத்துவமனைக்குப் போயிருந்தேன். எடுத்த கையோடு காதில் முதலில் விழுந்தது, திரைக்கு அந்தப் பக்கம் ஒரு நர்ஸ் பேசிக்கொண்டிருந்ததுதான். அவர் எதிரில் ஒரு கடிகாரம் பழுதுபார்ப்பவர். வலது கட்டைவிரலில் மரு. அதை அப்போதுதான் கடுங்குளிர் மருந்து தெளித்து உறையவைத்திருந்தார்கள்.

"இன்னைக்கும் நாளைக்கும் விண்ணு விண்ணுனு தெறிக்கும். கொப்புளம் வரும். குத்தக் கூடாது, கிள்ளக் கூடாது. வலிச்சா குளிர்ந்த தண்ணியில சுத்தமான துணியை நனைச்சுப் போடுங்க. கையை உசத்தி வெச்சுக்குங்க. முடியலைன்னா பாராசிட்டமால், அட்டையில போட்டிருக்கிற அளவுதான்."

"குளிரால வந்த வலிக்குக் குளிரா?"

"நீங்க கடிகாரத்தைப் பாருங்க சார், இதை நான் பார்த்துக்கறேன். சீழ் வெச்சாலோ, சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வலி குறையாம ஏறிக்கிட்டே போனாலோ உடனே இங்க வாங்க."

எள்ளை விடச் சிறிய திருகாணியைப் பிடிக்கிற விரல் அது. திங்கட்கிழமை கடை திறந்தாக வேண்டும். கதைக்கு இது போதும் என்று காதைத் தடவிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

2

தொடக்கம் ஒன்று: "அன்று மாலை வலி அவர் வீட்டுக் கதவைத்" (வேண்டாம். வலி எந்த வீட்டில் கதவைத் தட்டிவிட்டு வந்தது?)

தொடக்கம் இரண்டு: "அவர் தொட்ட தேநீர் அப்படியே உறைந்துபோக, மனைவி அதை உளியால் கொத்தித் தட்டில் பரிமாறினாள்." (இது உண்மை. நீங்கள் நம்பமாட்டீர்கள் என்பதால் அடித்துவிட்டேன்.)

தொடக்கம் மூன்று: மனைவி தன் அப்பாவுக்குக் கைபேசியில் ஒரு செய்தி அனுப்பினாள். அவள் தட்டியது 'மரு'. கைபேசி ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக மீதியைத் தானே நிரப்பிக்கொண்டது. போய்ச் சேர்ந்தது இது:

"மருமகன் உறையவைத்தாயிற்று. கறுத்துப்போய் இரண்டு வாரத்தில் தானாக உதிர்ந்துவிடும். கவலை வேண்டாம்."

3

ஆகவே மாமனாரை நான் கதைக்குள் கூப்பிடவில்லை, கைபேசி கூப்பிட்டது. நாற்பது வருடம் பஞ்சர் ஒட்டியவர். இரண்டு கம்பளிகளோடு மூச்சிரைக்க வந்து நின்றார்.

"மாப்பிள்ளை! எதுவரைக்கும் உறைஞ்சிருக்கு? இடுப்பு தாண்டிடுச்சா?"

"கட்டைவிரல் மட்டும்தான் மாமா."

"அதானே, அங்கதான் ஆரம்பிக்கும்."

(இந்த ஆள் நம்பும்படியாக இல்லையே என்று ஒரு நாள் முழுக்க எழுதாமல் இருந்தேன். மறுநாள் வந்து பார்த்தால் கம்பளியோடு அங்கேயே நிற்கிறார். என்ன செய்ய?)

அவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொப்புளம் திராட்சை அளவுக்குப் பளபளத்தது.

"உப்பியிருக்கே. காத்தா, தண்ணியா?"

"தண்ணி மாமா. தொடாதீங்க, உயிர் போகுது."

மாமனார் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். "என் முட்டிக்குக் குடுத்தது. ரெண்டைப் போடு, யானையே எழுந்து நடக்கும்."

மனைவி அதைப் பிடுங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தாள். "அப்பா, இதுலயும் பாராசிட்டமால்தான் இருக்கு. பேருதான் வேற. அவர் இப்பத்தான் போட்டிருக்கார். மேல இதையும் போட்டா விரல் பொழைக்கும், ஈரல் போயிடும். உங்க முட்டி மாத்திரை உங்க முட்டிக்கு மட்டும்தான்."

"சரி, அப்ப ஒரே குத்து." எங்கிருந்தோ ஒரு தையல் ஊசி அவர் கைக்கு வந்துவிட்டது.

எங்கிருந்தோ என்ன, நான்தான் கொடுத்தேன். உச்சகட்டம் வேண்டாமா? நர்ஸ் சொன்னபடியே எல்லாரும் நடந்தால் கதாசிரியன் எதை எழுதுவது? "குத்துங்க, குத்துங்க" என்று அவர் காதில் ஓதியதும் நான்தான்.

கடிகாரக்காரர் தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தார்.

"ஐயா, நீங்க முற்றும் போட்டுட்டு எழுந்து போயிடுவீங்க. திங்கக்கிழமை இந்த விரலோட கடைக்குப் போகப்போறது நான். தோல்தான் இதுக்கு மூடி. தொறந்தா அழுக்கு உள்ள போகும். உங்களுக்கு உச்சகட்டம் வேணும்னா உங்க விரல்ல குத்திக்குங்க."

எழுபது வருடத்தில் எந்தப் பாத்திரமும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. கொஞ்சம் ஆடிப்போய்விட்டேன்.

மாமனார் கொண்டுவந்த இரண்டு கம்பளிகளையும் மனைவி மடித்து அடுக்கினாள். அதன்மேல் கணவனின் கையை ஏற்றிவைத்து, ஈரத்துணியைப் பூப்போலப் போர்த்தினாள். கொஞ்ச நேரத்தில் அவர் நெற்றிச் சுருக்கம் இறங்கியது.

மாமனார் கம்பளிகளைப் பார்த்தார். ஊசியைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"அப்ப... ரெண்டு வாரத்துல உதிரப்போறது யாரு?"

4

முடிவுகள்.

(அ) குத்தினார். சீழ் வைத்தது. கடிகாரமெல்லாம் நின்று, ஊரில் யாருக்கும் வயதே (இதை எழுத மனம் வரவில்லை. அந்த ஆள் பார்த்த பார்வை அப்படி.)

(ஆ) இரண்டு வாரம் கழித்து, மரு கறுத்து உதிர்ந்து ஒரு கைக்கடிகாரத்துக்குள் விழுந்தது. அந்தக் கடிகாரம் இன்றுவரை சரியாக இரண்டு வாரம் தாமதமாக ஓடுகிறது. (நான் கட்டியிருப்பது அதுதான்.)

(இ) மாமனார் ஊசியை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் குத்தப்போவதில்லை. ஆகவே அதை இந்தப் பக்கத்தின் ஓரத்தில், உங்கள் கட்டைவிரல் இருக்கிற இடத்தில் செருகியிருக்கிறேன். எடுத்துக்கொள்ளுங்கள். கொப்புளம் ஈரத்துணிக்குக் கீழே முழுசாக இருக்கிறது. அவர் இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறார். குத்தினால் கதைக்கு முடிவு கிடைக்கும், அவருக்கு விரல் கிடைக்காது.

நான் திரும்பி நின்றுகொள்கிறேன். நீங்கள்