பிரிக்காத மிட்டாய்

கணக்குப் பிரிவில் அன்று வேலை ஓடவில்லை. அந்தக் காலத்தில் பள்ளிக்கூட வாசலில் விற்ற பால் மிட்டாயை மேலாளர் எங்கோ தேடிப்பிடித்து, ஒரு டப்பா நிறைய வாங்கி வந்திருந்தார்.

"வாயில போட்டதும் இன்டர்வெல் மணி கேக்குதுய்யா!" என்று தலைமைக் கணக்காளர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு புதிதாகச் சேர்ந்தவள் பக்கம் திரும்பினார். "உனக்கு ஞாபகம் இருக்காம்மா?"

ஆமாம் என்று தலையாட்டினால் விஷயம் முடிந்தது. ஆனால் பொய் சொல்லி இவர்களோடு ஒட்டிக்கொள்ள, வீட்டிலேயே முதல் பட்டதாரியான அவளுக்கு மனம் வரவில்லை. மிட்டாயை வாயில் போட்டாள். வெறும் சர்க்கரை. இதற்கா அத்தனை ஏங்கினோம் என்று எரிச்சல்தான் வந்தது. கை மட்டும் பழக்கதோஷத்தில் காகிதத்தை நீவி, மேசையில் கிடந்த அழிரப்பர் துண்டை உள்ளே வைத்து, இருபுறமும் முறுக்கியது. அதை விளையாட்டாக டப்பாவில் போட்டாள்.

இரண்டாவது மிட்டாய்க்காக டப்பாவுக்குள் கையை விட்ட தலைமைக் கணக்காளரிடம் அதுவே அகப்பட்டது. பிரித்தார்.

"அடப் பாவமே! ரப்பரை முழுங்க வெச்சிருப்பியேம்மா!"

எல்லோரும் சிரித்தார்கள்.

"அஞ்சாங்கிளாஸ் முடியிற வரைக்கும் என் பையில இருந்தது இதுதான் சார். கீழே பொறுக்கின காகிதம், உள்ளே சாக்பீஸ். ஏன் பிரிக்கலைன்னு யாராவது கேட்டா, அப்புறம் சாப்பிடுவேன்னு சொல்லுவேன். இந்த மிட்டாயை நிஜமாவே இன்னிக்குத்தான் தின்னேன்."

சிரிப்பு நின்றது. ரப்பரை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் விழித்தார்.

"மூஞ்சியைத் தொங்கப்போடாதீங்க சார். அன்னிக்கும் ஒருத்தரும் கண்டுபிடிக்கல, இன்னிக்கு நீங்களும் ஏமாந்துட்டீங்க. ரப்பரைக் குடுங்க, வேலை கிடக்கு."