விரல் போயிருக்காதாம்

காலையிலிருந்தே மணிமேகலைக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜூஜுவாடிப் பக்கத்துத் தொழிற்சாலையில் அவள் துருக்கி மொழிபெயர்ப்பாளர். துருக்கியிலிருந்து பிரஸ் மிஷினோடு வந்த இன்ஜினீயர் செலிமுக்கு இங்கிலீஷில் ஹலோவுக்கு மேல் வராது. அவருக்கும் மேனேஜர் அண்ணாதுரைக்கும் நடுவில் உட்கார்ந்து பேச்சை மாற்றிச் சொல்வதுதான் அவள் வேலை.

ஆன்லைன் வகுப்பில் எல்லாம் வந்தது, ஒன்றே ஒன்றுதான் தண்ணி காட்டியது. 'இப்படிச் செய்திருந்தால் அப்படி ஆகியிருக்காது' என்று ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்வது. தமிழில் கடைசியில் ஓர் 'ஆம்' போட்டால் முடிந்தது. துருக்கியில் நடக்காததற்கு ஒரு வால், கேட்ட பேச்சுக்கு ஒரு வால். இரண்டையும் ஒட்டுவதற்குள் நாக்குப் பிசகிவிடும். இன்றைக்கென்று பார்த்து அந்தப் பாழாய்ப்போன வாக்கியம்தான் வந்து நிற்கப்போகிறது.

போன வாரம் அந்த மிஷினில் வேலை செய்த மாதேஷுக்கு இரண்டு விரல் போய்விட்டது. யார் தப்பு என்று செலிம் இன்று அறிக்கையில் எழுதுகிறாரோ, அதை வைத்துத்தான் மாதேஷுக்கு வேலையும் நஷ்டஈடும்.

மேனேஜர் அறையில் செலிம் பேசி முடித்தார். மணிமேகலை தமிழில் சொன்னாள்.

"கை உள்ள போனா மிஷின நிறுத்துற சென்சார மாத்தச் சொல்லி மார்ச்லயே மெயில் போட்டாராம் சார். மாத்தியிருந்தா விரல் போயிருக்காதாம்."

அண்ணாதுரை பேனாவை மூடினார். "அத விடும்மா. மாதேஷ் கவனமா இருந்திருந்தா விரல் போயிருக்காது, அவ்ளோதான். அப்பிடி எழுதச் சொல்லு. மெயில் பேச்சே வேணாம். நான் சொன்னேன்னு காட்டிக்காத, நீயா பக்குவமா சொல்லு. உன் காண்ட்ராக்டும் இந்த மாசம் முடியுதில்ல?"

ஆஸ்பத்திரியில் மாதேஷ் கட்டுப் போட்ட கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டு, "என்மேலதான் தப்பாக்கா?" என்று கேட்டிருந்தான். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்து வந்துவிட்டாள்.

செலிமின் பக்கம் திரும்பி நிதானமாகப் பேசினாள். மாதேஷ் கவனமாக இருந்திருந்தால் விரல் போயிருக்காதாம். மெயிலைப் பற்றி எழுத வேண்டாமாம். இதை மேனேஜர் சொன்னதாகக் காட்டிக்கொள்ளக் கூடாதாம், நானாகச் சொல்வதுபோலச் சொல்ல வேண்டுமாம். என் காண்ட்ராக்டும் இந்த மாதத்தோடு முடிகிறதாம். ஓரிடத்திலும் நாக்குப் பிசகவில்லை.

செலிம் லேப்டாப்பை இழுத்து, மார்ச் மாதத்து மெயிலைத் தேடி எடுத்து அறிக்கையோடு சேர்க்க ஆரம்பித்தார்.

"ஏம்மா, நான் ரெண்டு வார்த்த சொன்னா நீ இவ்ளோ நேரம் பேசுற? அப்பிடி என்னதான் சொன்ன?"



"நீங்க சொன்னதத்தான் சார். ஒண்ணு விடாம சொல்லிட்டேன்."