ஐந்து நிமிட நடை

கிழக்கு வெளுக்கும்போதே தையல் கூடத்தில் நூற்றிருபது மெஷின்களும் இரையத் தொடங்கிவிடும். துணித் தூசி மூக்கில் ஏறி, பல்லிடுக்கில் கரகரக்கும். மூன்றாம் வரிசையில் சட்டைக் காலர் தைப்பவளை எல்லோரும் காலரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காற்றடித்தால் பறந்துவிடுவாள் போல ஒல்லியாக வேலைக்குச் சேர்ந்தவள். ஒன்பது வருஷம், நாளுக்குப் பத்து மணி நேரம், ஒரே முக்காலியில் உட்கார்ந்ததில் உடம்பு கனத்துப்போனது. "உன் முக்காலிக்கு நாலாவது கால் வைக்கணும்" என்று மேஸ்திரி கேலி பண்ணினால் அவளும் சிரித்துவைப்பாள்.

அந்த ஒன்பதாவது வருஷத்தில்தான் வயிற்றில் ஒன்று தங்கியது. ஏழாம் மாதம் டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"உண்டாகிறதுக்கு முன்னாடியே எடை அதிகம். உங்களுக்கு மொத்தமா ஏழெட்டுக் கிலோ ஏறினாப் போதும். இப்பவே பதினாலு ஏறியிருக்கு. பிரஷரும் ஏறுது. ஆபரேஷன் பண்ணிக் குழந்தையை எடுக்க வேண்டி வரலாம்."

"நான் ஒண்ணும் அள்ளி அள்ளித் திங்கலைம்மா."

"உங்களைக் குத்தம் சொல்லலை. பட்டினியும் கிடக்காதீங்க. ஒரே இடத்துல உட்காராம, மணிக்கொரு தரம் எழுந்து அஞ்சு நிமிஷம் நடங்க."

டாக்டரம்மா எழுதிக்கொடுத்த சீட்டோடு முதலாளி அறை வாசலில் போய் நின்றாள்.

"நின்னு வேலை பாக்கிறவ உட்கார இடம் கேப்பா. உன்னை உட்கார வச்சா நடக்கணும்ங்கிறே" என்றார் அவர்.

"மணிக்கு அஞ்சு நிமிஷந்தான் ஐயா. சாப்பாட்டு நேரத்துல கழிச்சுக்குங்க."

"உன்னை விட்டா எல்லாரும் நடப்பாங்க. இது கம்பெனியா, பூங்காவா? வாயைக் கட்டும்மா, எடை தன்னால இறங்கும்."

அவளும் வாயைக் கட்டித்தான் பார்த்தாள். மதியச் சாப்பாட்டைப் பக்கத்து மெஷின் பட்டன்காரியிடம் தள்ளிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தாள். நாலாம் நாள் கண் இருட்டிக்கொண்டு வந்து மெஷின் மேலேயே சாய்ந்தாள். ஊசிக்கும் அவள் கன்னத்துக்கும் விரலளவுதான் இடைவெளி. அதோடு அந்தப் பட்டினியை விட்டாள்.

மூட்டை தூக்குகிற புருஷன், பானை போல் வீங்கிய அவள் பாதங்களை மடியில் வைத்து அமுக்கிவிடுவான். "நான் போய் ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வரவா?"

"கேட்டு, இருக்கிற வேலைக்கும் உலை வச்சிடாதே."

அவன் மறுபடி அமுக்குவான்.

ஒன்றரை நாள் வலி எடுத்தும் குழந்தை இறங்கவில்லை. பிரஷர் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை, நல்லபடியாக இருந்தது. தாயின் தையல்தான் ஆறவில்லை. அடிவயிற்று மடிப்புக்குள் புண் ஈரம் காயாமல் சீழ் வைத்தது. டாக்டரம்மா மூன்று மாதம் ஓய்வு என்றார். கம்பெனி விட்டது நாற்பத்தைந்தே நாள். நாற்பத்தாறாம் நாள் வராவிட்டால் மெஷின் வேறு ஆளுக்கு என்று மேஸ்திரி சொல்லி அனுப்பினான்.

வந்தாள். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, வயிற்றில் துணியை இறுகக் கட்டிக்கொண்டு விடியலில் வந்து உட்கார்ந்தாள். குனிந்து குனிந்து காலரைத் திருப்புகையில் கத்தி பாய்வது போலிருந்தது. வெயில் ஏறும்போது கட்டியிருந்த துணி நனைந்துவிட்டது. மெஷினைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். புடவையில் ரத்தம்.

"யாரு எழுந்திரிக்கச் சொன்னது? உட்காரு!" என்று மேஸ்திரி கத்தினான்.

பட்டன்காரி தன் மெஷினை நிறுத்தினாள். அவளுக்குப் பின்னால் இருந்தவள் நிறுத்தினாள். வரிசை வரிசையாகச் சத்தம் அடங்கி, கூடம் முழுக்க ஆட்கள் எழுந்து நின்றார்கள். அந்த அமைதிக்கு மேஸ்திரியே மிரண்டுபோனான்.

முதலாளி மாடி அறையிலிருந்து இறங்கி வந்தார். "வயித்தைக் கிழிச்சது அவளுக்கு. உங்களுக்கெல்லாம் என்ன வந்துது?"

பட்டன்காரி ஓரடி முன்னால் வந்தாள். வேலை போய்விடும் என்று தொளதொள உடுப்புக்குள் இத்தனை நாளாக மறைத்து வைத்திருந்ததைச் சொன்னாள்: "எனக்கு மூணு மாசம்."

"அப்படியா? நாளையிலேர்ந்து நீயும் வர வேண்டாம்."

இஸ்திரி போடுகிற பெரியம்மா பெட்டியைக் கீழே வைத்தாள். "அப்போ நூத்திருபது பேருக்கும் ஆள் தேடுங்க ஐயா."

"தேடுறேன். எல்லாரும் வெளியே போங்க!"

போனார்கள். பின்னால் இரும்புக் கதவு மூடிக்கொண்டது. காலரக்காவின் புருஷனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, ஒருத்தி ஆட்டோ பிடிக்க ஓடினாள். காலரக்கா சுவரில் சாய்ந்து, "என்னால எல்லாருக்கும் இப்படி ஆயிடுச்சே" என்று அழுதாள்.

"உன்னால இல்லக்கா. சும்மா இரு" என்று பட்டன்காரி அவளைத் தாங்கிக்கொண்டாள்.

பெரியம்மா ஒரு காகிதத்தில் எழுதினாள். மணிக்கு ஐந்து நிமிடம் நடக்க விட வேண்டும். புண் ஆறும்வரை லீவு வேண்டும். உண்டானவளை வேலையைவிட்டு நிறுத்தக் கூடாது. காலரக்கா முதல் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோணலாக வந்தது. பட்டன்காரி அடுத்ததாகப் போட்டுவிட்டு அவளோடு ஆட்டோவில் ஏறினாள்.

வண்டி திரும்பும்போது காலரக்கா வலியோடு எட்டிப் பார்த்தாள். கதவு மூடியேதான் கிடந்தது. கையெழுத்துப் போட நின்றவர்களின் வரிசை தெருமுனை வரை நீண்டிருந்தது.